பெரிய காளானும் சின்னக் கடையும்

சென்னையின் பெரிய பல்பொருள் அங்காடிகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரில் உட்கார்ந்திருக்கிறது ஒரு பழுப்புநிறப் பெரிய காளான். போர்டபெல்லோ என்று பெயர். உள்ளங்கை அகலம், சாதாரணக் காளானைப் போலப் பல மடங்கு விலை. பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வரும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்து மளிகைக் கடைகளிலும், "அந்தப் பெரிய காளான் வருமா?" என்ற கேள்வி ஒரு நாள் வரத்தான் போகிறது. வந்தால் நாம் என்ன செய்வது?

வாங்கி அடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காக, காளானே நமக்கு வேண்டாம் என்று ஒதுக்குவதும் புத்திசாலித்தனம் அல்ல. நமக்கு ஏற்ற காளான் வேறு இருக்கிறது. எந்தக் காளானை விற்றாலும், அதைச் சமைக்கும் முறையைச் சொல்லித் தெரியாதவன் அதை விற்க முடியாது.

பெயருக்கு விலை

முதலில் ஒரு விஷயத்தை வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டபெல்லோ என்பது தனி இனம் அல்ல. நாம் பாக்கெட்டில் பார்க்கும் வெள்ளை மொட்டுக் காளானும் அதுவும் ஒரே இனம். இந்த இனத்தின் பழைய நிறமே பழுப்புதான். 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் தற்செயலாக முளைத்த வெள்ளைக் காளானைப் பெருக்கித்தான் இன்றைய வெள்ளை மொட்டுக் காளான் வந்தது. பழுப்பு ரகத்தைச் சிறியதாகப் பறித்தால் ஒரு பெயர். சில நாள் விட்டு, குடை முழுவதும் விரிந்தபின் பறித்தால் போர்டபெல்லோ. முற்றி விரிந்த காளானை ஒருகாலத்தில் மலிவாகத் தள்ளிவிட்டார்கள். 1980களில் அமெரிக்க வியாபாரிகள் அதற்கு ஓர் அழகான பெயரைச் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டலாம். அந்தப் பெயருக்கு நம் முதலைப் பறிகொடுக்க வேண்டியதில்லை.

மொட்டுக் காளான் குளிர்ப் பிரதேசப் பயிர். காய்ப்புக்கு 15 முதல் 18 டிகிரி வெப்பம் வேண்டும். அதனால் நீலகிரி போன்ற மலைப் பகுதியில் வளரும், அல்லது குளிரூட்டிய பண்ணையில் வளரும். அங்கிருந்து கைமாறி, கோயம்பேடு வந்து, பஸ்ஸோ வேனோ ஏறிப் பழவேற்காடு சேர்வதற்குள் அதன் ஆயுளில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும். நம் கோடை வெயிலில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத கடையில், மறுநாளே அது கறுத்துப் பிசுபிசுக்கும்.

கணக்கைப் பாருங்கள்

ஒரு பாக்கெட் 40 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 10 பாக்கெட்டுக்கு முதல் 400 ரூபாய். 8 பாக்கெட் விற்றால் முதல் திரும்பியது, லாபம் பூஜ்யம். 3 பாக்கெட் அழுகினால் கையிலிருந்து 50 ரூபாய் நஷ்டம். பருப்பும் புளியும் நம்மை இப்படித் தண்டிப்பதில்லை. காளானில் 10 பாக்கெட்டில் 2 தேங்கினாலே உழைப்பு வீண். விலை உயர்ந்த போர்டபெல்லோவில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையாக இருக்கும்.

நமக்கு ஏற்றது பால் காளான்

சூட்டுக்கு அஞ்சாத காளான் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1974ல் மேற்கு வங்காளத்தில் பதிவான பால் காளானை, கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் ஏ.பி.கே.2 என்ற ரகமாக வெளியிட்டு வணிகப் பயிராக்கியது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் இது நன்றாக விளையும். வெள்ளை நிறம், தடித்த தண்டு, கெட்டியான சதை. மொட்டுக் காளானைவிடக் கூடுதல் நாள் தாங்கும். போர்டபெல்லோவை ஏன் விரும்புகிறார்கள்? கனமான துண்டாக நறுக்கிக் கல்லில் போட்டு வறுக்கலாம், கறி போல மெல்லலாம் என்பதற்காகத்தான். அந்த வேலையைப் பால் காளான் நன்றாகவே செய்யும்.

இதற்கு வேண்டிய மூலப்பொருள் வைக்கோல். பொன்னேரி வட்டாரத்தில் நெல் விளைகிறது, வைக்கோல் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஏரி முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன் வரத்து குறையும் காலங்களில், குப்பத்து மகளிர் குழுக்களுக்கு வேறு வருமானம் வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். பக்கத்து ஊரில் ஒரு குழு பால் காளான் போட்டு, காலையில் பறித்து, அன்றே நம் கடைக்குத் தந்தால் அவர்களுக்கும் பிழைப்பு, நமக்கும் புதுச் சரக்கு. அதை வாங்கிக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது

கூனங்குப்பத்திலோ அரங்கங்குப்பத்திலோ உள்ள ஒரு குடும்பத் தலைவிக்கு மீன் குழம்பு வைக்க நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. காளான் அவருக்குப் புதிது. ஒரு முறை வாங்கி, தண்ணீர் விட்டுக் கொதித்துக் கொழகொழத்துப் போனால், மறுமுறை அவர் வாங்க மாட்டார். காளான் தேங்குவது பெரும்பாலும் அடுப்படியில் ஏற்படும் இந்த ஏமாற்றத்தால்தான்.

ஆகவே அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்லுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இறாலைத் தொக்கு வைக்கும்போது எப்படித் தண்ணீர் ஊற்றாமல், அது விடும் தண்ணீரிலேயே வேகவிட்டு வற்றவைக்கிறோமோ அப்படித்தான் இதுவும். தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. சட்டென்று அலசி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். விரல் கனத்துக்கு நறுக்கி, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரேயடியாகக் குவித்தால் வேகுமே தவிர வறுபடாது. உப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். தண்ணீர் வற்றி, ஓரம் சிவந்தபின் மிளகுத்தூள், பூண்டு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய்.

குழம்பு வைப்பதானால், புளிக் குழம்பு கொதித்துச் சுண்டியபின் வறுத்த துண்டுகளைப் போடலாம். மீன் போல உடையும் என்ற பயம் வேண்டாம், கரண்டி போட்டுக் கிளறலாம். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் குழையாது. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். யாராவது பட்டணத்திலிருந்து போர்டபெல்லோவே வாங்கி வந்திருந்தாலும் இதே முறைதான். ஒரே வித்தியாசம், அதன் குடைக்கு அடியிலுள்ள கரிய மடிப்புகளைக் கரண்டியால் சுரண்டிவிட்டால் குழம்பு கறுக்காது.

இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தில் மிளகும் பூண்டும் நல்லெண்ணெயும் காளானோடு சேர்ந்து விற்கும். மளிகைக்காரனுக்கு உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது.

எப்போது, எப்படி?

தினமும் காளான் வைக்க வேண்டியதில்லை. புரட்டாசி மாதம், கார்த்திகையில் மாலை போடும் நாட்கள், கவுச்சி தவிர்க்கும் வீடுகளுக்குத் தவக்காலம் ஆகியவையே நம் பருவம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், அந்த நாட்களில் மீன் விலை ஏறுவதை நாம் அறிவோம். அப்போதும் கொஞ்சம் கேட்பார்கள். முன்கூட்டிச் சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் தருவித்தால் சரக்கு மிஞ்சாது.

நம் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை என்பதால் மீன் பெட்டியில் காளானை வைத்துவிடாதீர்கள். ஈரமும் கவுச்சி வாடையும் ஏறி ஒரே இரவில் பாழாகும். குளிர்சாதனப் பெட்டியில் காகிதப் பையிலோ துளையிட்ட பாக்கெட்டிலோ வையுங்கள். பறித்த தேதியும் வளர்த்தவர் பெயரும் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை

மழை பெய்தபின் புற்றிலும் மரத்தடியிலும் முளைத்ததைக் கூடையில் கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்று யார் வந்தாலும் வாங்காதீர்கள். வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற சோதனைகள் எதுவும் விஷத்தைக் காட்டாது. சில விஷக் காளான்கள் எவ்வளவு கொதித்தாலும் விஷம் நீங்குவதில்லை. சாப்பிட்ட 6 மணி நேரத்துக்குப் பின்னரே வாந்தி தொடங்கி, சில நாட்களில் ஈரலைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் பார்த்து, தலைமுறையாக நம்மை நம்பிக் கணக்கு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தைப் பறிகொடுப்பதா?

பெரிய அங்காடியிடம் குளிர் அறையும் அழகான பெயர்களும் இருக்கின்றன. எந்த வீட்டில் எப்போது விரதம், யார் வீட்டில் படகு கரையில் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். பொருளோடு பக்குவத்தையும் சேர்த்துக் கொடுப்போம். வர இருக்கும் புரட்டாசியில் 10 பாக்கெட்டோடு தொடங்கிப் பாருங்கள்.