ஒரு டம்ளர் ரவை

நான் பி.காம். 'ஒன்றுக்கு இவ்வளவு என்றால் நாற்பதுக்கு எவ்வளவு' கணக்கில் புலி. அந்தத் திமிரில்தான் மச்சினி வளைகாப்புக்கு, "கேசரி என் பொறுப்பு" என்று வாயை விட்டேன். ஒரு டம்ளர் ரவைக்கு 2½ டம்ளர் தண்ணீர், 40-க்கு 100. கணக்கு சரி. கேசரிதான் தப்பு! அடி கருகி, நடுவில் ரவை கட்டி கட்டியாக நின்றது. சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "சார், டம்ளர்ல பண்றது ஒரு பலகாரம். அண்டால பண்றது வேற பலகாரம்." மாமனார் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்த அண்டா சமாசாரம் ஓர் உயிரையே வாங்கியிருக்கிறது. 1941 பிப்ரவரி, ஆக்ஸ்ஃபோர்டு. ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முகமெல்லாம் சீழ். ஃப்ளோரி குழுவினர் பெனிசிலின் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. மருந்து தீர்ந்துபோச்சு! அவர் சிறுநீரிலிருந்தே திரும்பப் பிரித்தெடுத்துப் போட்டும் போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார்.

ஏன் கூடுதலாகத் தயாரிக்கக் கூடாதா? பூஞ்சை திரவத்தின் மேலே, பாலாடை மாதிரிதான் படர்ந்தது. ஆஸ்பத்திரி பெட்பேனில்கூட வளர்த்துப் பார்த்தார்கள். தொட்டியின் நீள, அகல, உயரத்தை இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு 8 மடங்கு. மேல்பரப்பு 4 மடங்குதான். என் கணக்கு அங்கேயும் கவிழ்ந்தது.

அமெரிக்காவில் பியோரியா ஆராய்ச்சிக்கூடத்தார், மக்காச்சோள ஆலையில் மிஞ்சும் சாற்றைப் பூஞ்சைக்குத் தீனியாகப் போட்டார்கள். விளைச்சல் எகிறியது. 1943-ல் ஓர் அழுகிய முலாம்பழத்தில் இன்னும் நல்ல ரகம் கிடைத்தது. ஃபைசர் கம்பெனி, புரூக்ளினில் பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றை வாங்கி 14 தொட்டிகளை நிறுத்தியது. ஒவ்வொன்றும் 7,500 காலன். கிருமி நீக்கிய காற்றை உள்ளே செலுத்தி, விடாமல் கிண்டினார்கள். பூஞ்சை ஆழத்திலேயே மூழ்கி வளர்ந்தது. 1944 மார்ச் 1-ல் உற்பத்தி தொடங்கியது. ஜூன் 6-ல் நார்மண்டியில் படைகள் இறங்கியபோது, காயம்பட்டவர்களுக்கு மருந்து இருந்தது.

போலீஸ்காரருக்குப் போட்ட அதே மருந்துதான். நடுவே மூன்று வருஷம், கொஞ்சம் காற்று, ஒரு துடுப்பு.

அடுத்த மாதம் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். கேசரி அந்தச் சமையல்காரர் பொறுப்பு என்று மாமனார் சொல்லிவிட்டார். எனக்கும் வேலை உண்டு.

துடுப்பு பிடிக்க வேண்டுமாம்.