சிரிப்பு உறையும் இடம்: பாஸ்லி கிரௌதரின் வாதத்துக்கு எதிர்வினை

ஆர்தர் பென் இயக்கிய ‘பானி அண்ட் கிளைட்’ 1967 ஆகஸ்டில் வெளியானபோது, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் மூத்த திரை விமர்சகர் பாஸ்லி கிரௌதர், 1930களின் கொள்ளையர் இருவரின் கொலைகளை மலிவான கோமாளிக்கூத்தாக மாற்றிய படம் என்று அதைச் சாடினார். பின்னர் எழுதியவற்றிலும் அதையே வலியுறுத்தினார். மெய்யான கொலைகாரர்களுக்கு அழகிய நடிகர்களைக் கொண்டு மெருகேற்றியதை அவர் கண்டித்ததில் நியாயம் உண்டு. ஆனால் நகைச்சுவை வன்முறையின் கொடுமையை மழுங்கடிக்கிறது என்னும் மையவாதம் படத்தைத் தலைகீழாகப் படிக்கிறது.

வங்கிக் கொள்ளையின்போது கூட்டாளி காரை நெருக்கடியான இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே எடுக்க முடியாமல் திணற, அதைக் கண்டு அரங்கம் சிரித்துக்கொண்டிருக்கையிலேயே, அந்தத் தாமதத்தைப் பயன்படுத்திக் காரின் பக்கப்படியில் தாவி ஏறும் வங்கிப் பணியாளர் முகத்தில் சுடப்படுகிறார். சிரிப்புக்கும் சாவுக்கும் காரணம் ஒன்றே என்பதால், சிரித்தவரும் அந்தச் சாவில் பங்கு கொண்டவராகக் கூசிப்போகிறார்; இது மழுங்கடிப்பு அன்று, கூர்மையாக்கம். அடுத்து கொள்ளையர் ஒளிந்துகொள்ளும் திரையரங்கில் கிளைட் அந்தக் கொலைக்கு வழிவகுத்த தாமதத்துக்காகக் கூட்டாளியைக் கடிந்துகொள்வதும் இதே கணக்கில் சேரும். இறுதிக் காட்சியில் வெவ்வேறு வேகத்தில் ஓடிய பல கேமராக்களின் பதிவுகளை டீடி ஆலன் படத்தொகுப்பில் கோத்த விதம் கொள்ளையர் இருவரின் மரணத்தை நீட்டுகிறது. வேடிக்கைக்கு அங்கே இடமே இல்லை.

புதிய வடிவத்தைக் குறைபாடாகக் காண்பது கிரௌதரிடம் முன்பே இருந்தது: 1958இல் ‘பதேர் பாஞ்சாலி’யின் நிதானத்தைத் தளர்ந்த கட்டமைப்பு என்று எழுதியவரும் அவரே.