கைக்குழந்தையும் கடல் கடந்த பிரயாணமும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால், நம் குடும்பங்களில் இப்பொழுதெல்லாம் குற்றாலத்தையும் கொடைக்கானலையும் பற்றி மட்டும் யோசனை நடப்பதில்லை; சிங்கப்பூரைப் பற்றியும் நடக்கிறது. சென்னையில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த ஆலோசனை சபையில் ஒருவருடைய அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர்தான் வீட்டிலுள்ள கடைக்குட்டி. கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே அவர் சார்பில் நாம் இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, தஸ்தாவேஜுகள். மடியில் தூங்கும் சிசுவானாலும் அதற்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். தனி விசாவும் வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 10 ஆண்டு; சிறு குழந்தையினுடையதற்கு 5 ஆண்டுதான். தம்முடையதைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாள் இருக்கிறது" என்று நிம்மதியாயிருக்கும் தகப்பனார், குழந்தையுடையதையும் ஒரு முறை திறந்து பார்ப்பது நலம். சிங்கப்பூரில் இறங்கும் நாளில் அதில் இன்னும் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். புதிதாக மனுச் செய்வதானால் தாய் தந்தை இருவருடைய சம்மதமும் கேட்பார்கள். ஒருவர் வெளியூரில் உத்தியோகமாயிருந்தால் அதற்கே நாள் பிடிக்கும்.

டிக்கட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு வயது நிரம்பாத குழந்தை மடியில் பிரயாணம் செய்யலாம். போகும்போது வயது நிரம்பாமலிருந்து, அங்கே பிறந்த நாள் வந்துவிட்டால், திரும்பும்போது தனி ஆசனம் வாங்கியாக வேண்டும்.

இரண்டாவது, தேக சௌக்கியம். புறப்படுவதற்கு நாலு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் கண்டுகொள்ள வேண்டும். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்கு, அயல்நாட்டுப் பிரயாணத்தை முன்னிட்டுத் தட்டம்மைத் தடுப்பூசியைச் சற்று முன்னதாகவே போடுவதுண்டு. அது வழக்கமான கணக்கில் சேராது. உரிய காலத்தில் மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும். விமானம் இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் மாறுவதால் குழந்தை வீரிட்டு அழும். அந்தச் சமயத்தில் பாலோ தண்ணீரோ புகட்டினால், விழுங்க விழுங்க வலி தணியும். மருந்துகளை வைத்தியர் சீட்டுடன், வாங்கிய பெட்டியிலேயே, கைப்பையில் வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்றாவதுதான் முக்கியம்: அங்கே போய் நாளைக் கழிக்கும் விதம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை எட்டு மணி என்றால், குழந்தையின் கண்ணுக்கும் வயிற்றுக்கும் ஐந்தரை மணிதான். அதனை எழுப்பிக் குளிப்பாட்டி, மிருகக்காட்சிசாலை, கடற்கரை, கடைத்தெரு என்று இரவு பத்து மணி வரையில் இழுத்துக்கொண்டு திரிந்தால், அது அழாமல் வேறென்ன செய்யும்? பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள ஊர். புழுக்கமும் அதிகம், மழையும் நினைத்தபோது வரும். காலையில் ஓர் இடம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சிறிது உலாவல். இதற்கு மேல் குழந்தைக்குத் தாங்காது. கூட்டத்தில் கை நழுவினாலும் கவலையின்றி இருக்க, பெற்றோர் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று குழந்தையின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

விடுமுறை கழித்துப் பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளிடம், "என்ன பார்த்தாய்?" என்று நாம் கேட்பதுண்டு. பத்து இடம் பார்த்த பிள்ளை பத்துப் பெயரை ஒப்பிக்கிறது. ஒரே இடத்தில் அரை நாள் நின்று பார்த்த பிள்ளையோ, யானை தண்ணீரில் முங்கியதையும் தும்பிக்கையால் பீச்சியதையும் கண் விரியச் சொல்லுகிறது. சிங்கப்பூர் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற சிறுமி அதைத் தானே கண்டுபிடிக்க அவகாசம் கொடுத்தால், அந்த ஒரு சந்தோஷத்திற்கே டிக்கட்டுப் பணம் தகும்.

எனவே, பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதாவைத் தயாரித்தவுடன், அதில் பாதியை அடித்துவிடுங்கள். மீதிப் பாதியைக் குழந்தையின் தூக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.