பட்டறைப் படிப்பும் குலத்தொழிலும்

நம் நாட்டில் படிப்பு என்றாலே கையில் அழுக்குப் படாமல் பிழைக்கும் வழி என்றுதான் அர்த்தம் செய்து வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவன் மேலானவன், கத்திரி பிடிக்கிறவன் கீழானவன் என்கிற எண்ணம் வர்ணாசிரமம் பெற்றுப் போட்ட பிள்ளையேயாகும். ஊரே பனியன் தொழிலால் பிழைக்கும் திருப்பூரிலும் அந்த எண்ணம் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருப்பது வெட்கத்துக்குரிய விஷயமாகும்.

1978-ல் நம் மாகாணத்தில் மேல்நிலை வகுப்புகள் ஏற்பட்டபோதே தொழிற்பாடப் பிரிவும் ஏற்பட்டது. நெசவும், உடை வடிவமைப்பும்கூட அதில் பாடங்களாயின. நல்ல காரியந்தான். ஆனால் நடப்பு என்ன? மார்க்கு அதிகமானால் விஞ்ஞானப் பிரிவு, குறைந்தால் தொழிற்பிரிவு. அதாவது தொழில் கற்பது மக்குப் பையனுக்கு விதிக்கும் தண்டனை என்று பெற்றோரும் நினைக்கிறார்கள், உபாத்தியாயரும் நினைக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பட்டறை எதற்கு என்று கேட்கிறார்கள். பட்டறைக்குக் கெட்டிக்காரன் வேண்டாமா என்று நாம் கேட்கிறோம்.

பட்டறையில் என்ன அறிவு இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். பின்னல் துணியில் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நிறுத்துப் பார்க்கட்டும். 1.8 கிராம் இருந்தால், நூறால் பெருக்க, சதுர மீட்டருக்கு 180 கிராம். இதைத்தான் கம்பெனிகளில் ஜி.எஸ்.எம். என்கிறார்கள். அதே துணியில் 50 சென்டிமீட்டர் அளந்து குறியிட்டுத் துவைத்து உலர்த்தினால் 47 ஆகிறது. சுருக்கம் நூற்றுக்கு ஆறு. அப்படியானால் சட்டையை எவ்வளவு கூட்டி வெட்டவேண்டும்? காகிதத்தில் வெட்டிய கை, கழுத்து, உடல் அச்சுகளை எப்படி அடுக்கினால் துண்டுத் துணி குறைவாய் விழும்? ஏன் சுருங்கிற்று, வேறு நூலானால் என்ன ஆகும்? இதில் கணிதமும் இருக்கிறது, விஞ்ஞானமும் இருக்கிறது. ஒரு தராசும், அளவுகோலும், கத்திரியும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

ஆயுதபூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் அப்புகிறோம். மறுநாள் தையல் விட்டுவிட்டு விழுந்தால் குங்குமமா சரி செய்கிறது? ஊசியைப் பார்த்து, நூலின் இறுக்கத்தைத் திருத்தத் தெரிந்தவன்தானே சரி செய்கிறான்!

“1953-ல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த நீங்கள், இப்போது பள்ளியில் தொழில் வேண்டும் என்பது முரண் அல்லவா?” என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. ஆச்சாரியார் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி வேளை அப்பன் தொழிலைப் பார் என்றது. வண்ணான் மகன் வெளுக்கவும், குயவன் மகன் மண் மிதிக்கவும் வழி செய்தது. ஆகவேதான் அது எதிர்க்கப்பட்டு, 1954-ல் காமராசர் ஆட்சியில் ஒழிந்தது. நாம் கேட்பதோ, படிப்பைக் குறைக்காமல், எந்த ஜாதிப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் காரணகாரியத்தோடு கற்கவேண்டும் என்பதாகும். அர்ச்சகர் மகனும் ஓவர்லாக் யந்திரத்தைப் பிரித்து மாட்டட்டும். கைமடிக்கும் தாயின் மகளும் உடைக்கு உருவம் வரையட்டும். ஆணுக்கு யந்திரம், பெண்ணுக்குத் தையல் என்கிற பிரிவினையும் கூடாது.

உருவம் வரைவதை ஏன் சொல்லுகிறோம்? 1970-களின் கடைசியிலிருந்து திருப்பூர் பனியன் மேல்நாடுகளுக்குப் போகிறது. ஆனால் சட்டையின் உருவத்தைப் பெரும்பாலும் அந்நாட்டு வியாபாரிதான் தீர்மானித்து அனுப்புகிறான். நாம் வெட்டித் தைத்துக் கூலி வாங்குகிறோம். மூளைக்குக் கிடைப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு. இதை முதலாளிகள் அறியாதவர்களல்ல. அதனாலேயே ஏற்றுமதியாளர்கள் 1997-ல் முதலிபாளையத்தில் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரியை ஏற்படுத்தினார்கள். முதலாளிகள் அருமை அறிந்த கல்வி, தொழிலாளி பிள்ளை படிக்கும் சர்க்கார் பள்ளியில் மட்டும் மட்டமாவது எப்படி?

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பள்ளிப் பட்டறை, பவர்டேபிளுக்கு மலிவான ஆள் பிடிக்கும் சந்தையாகிவிடக் கூடாது. மாணவன் அங்கே செய்வது படிப்பாக இருக்கவேண்டுமே தவிர, பிறருக்கு லாபமாகும் உழைப்பாக இருக்கக்கூடாது.

ஆகவே பெற்றோர்களே! அடுத்தமுறை பள்ளிக்குப் போகும்போது பிள்ளையின் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பட்டறை எங்கே, அதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இடமுண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.