மறைத்தால் மட்டும் போதுமா?

நம்மில் பலருக்கு ‘சர்நேம்’ கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டியவர்கள் நாம். நாக்பூருக்கு வந்த புதிதில் ரேஷன் கார்டு குமாஸ்தாவிலிருந்து காஸ் ஏஜென்சி வரை “ஆட்னாவ் காய்?” என்று கேட்டதும், நாம் விழித்ததும், கடைசியில் அவரே அப்பா பெயரை அந்த இடத்தில் எழுதி அனுப்பி வைத்ததும் பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குமாஸ்தாவிடம் பேச முடிந்தது. இன்று அந்த இடத்தில் கம்ப்யூட்டர் திரை உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் பேச முடியாது.

சென்ற வருடம் என் அக்காவின் கணவர் காலமானார். அக்கா எங்களோடு வந்து தங்கினாள். அவளுக்குச் சேரவேண்டிய பணத்துக்காக ஓர் அலுவலகத்தின் படிவத்தை இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டியிருந்தது. ‘ஒற்றைப் பெயர் மட்டும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டதும் சர்நேம் பெட்டி மறைந்துவிட்டது. ‘அடடா, நம்மை நினைத்துச் செய்திருக்கிறார்களே’ என்று சந்தோஷப்பட்டேன். எல்லாம் நிரப்பிக் கடைசிப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு எழுத்து இல்லை, பிழை என்ற அறிவிப்பும் இல்லை. பத்து தடவை அழுத்தினேன். வேறு கம்ப்யூட்டரில் போய் முயன்றேன். அதே மௌனம். கெடு தாண்டியது. பணம் வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. “என் பேரிலேயே ஏதோ குறை போலிருக்குடா தம்பி” என்றாள் அக்கா. அந்த வார்த்தைதான் என்னை எழுத வைக்கிறது.

என் மருமகள் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். அந்த வாரம் அவள் ஊரில் இல்லை. வந்ததும் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மாமா, பெட்டியை மறைச்சிருக்காங்க, எடுக்கலை. கட்டாயம் நிரப்பணும்கிற நிபந்தனை இன்னும் அதுமேல இருக்கு. பிரவுசர் அந்தப் பெட்டியைக் காட்டி ‘இதை நிரப்பு’ன்னு சொல்லப் பார்க்குது. பெட்டி கண்ணுக்குத் தெரியாததால அதைக் காட்ட முடியலை, பேசாம நின்னுடுது.” புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டும் திறந்து பார்க்கும் மூலையில் பிழைச் செய்தி வந்து நின்றதையும் காட்டினாள். அக்காவுக்கு அந்த மூலை எப்படித் தெரியும்?

சிக்னல் பிரிவில் 35 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். டிப்ளமோ படிப்புதான். ஆனால் ‘நிபந்தனை சரியாக இருந்தால் மட்டும் காட்டு’ என்பதுதான் என் தொழிலே. பாயிண்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டியிருக்க வேண்டும், லைனில் வண்டி இருக்கக் கூடாது, எதிர்ச் சிக்னல்கள் சிவப்பில் இருக்க வேண்டும். அப்போதுதான் பச்சை விழும். இதில் மூன்று பாடங்கள் உண்டு.

முதல் பாடம்: ஓர் உண்மையை ஓரிடத்தில்தான் தீர்மானிக்க வேண்டும். லைனில் வண்டி இருக்கிறதா என்பதை டிராக் ரிலே சொல்லும். பத்து சர்க்யூட்டுக்கு அந்தத் தகவல் தேவையென்றால் அந்த ரிலேயிலிருந்தும் அதையே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டர் ரிலேயிலிருந்தும் எடுப்போம். பத்து இடத்தில் பத்து பேர் தனித்தனியாகத் தீர்மானிக்க விடமாட்டோம். வெப் உலகில் இதற்குக் காம்போனென்ட் என்று பெயர். ஒரு முறை செய்து பல இடத்தில் பொருத்தும் உறுப்பு. அக்காவின் படிவத்தில் பெட்டியை மறைக்கும் நிபந்தனை ஓரிடத்திலும், கட்டாயம் என்ற நிபந்தனை வேறிடத்திலும் இருந்தன. பெயர்ப் பெட்டி, அதன் நிபந்தனை, அதன் கட்டாயம் மூன்றையும் ஒரே காம்போனென்டுக்குள் வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இரண்டாவது பாடம்: மறைப்பது வேறு, நீக்குவது வேறு. ‘வியூ’ என்ற சாதனத்தில் இதற்கு இரண்டு தனிக் கட்டளைகளே உண்டு என்றாள் மருமகள். ‘வி-இஃப்’ என்றால் பொருளையே எடுத்துவிடும். ‘வி-ஷோ’ என்றால் பொருள் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது.

மூன்றாவது பாடம்: ‘இல்லையென்றால் என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் இருக்க வேண்டும். ரிலேயின் ஒயர் அறுந்தாலும், மின்சாரம் போனாலும் சிக்னல் சிவப்புக்குத்தான் போகவேண்டும் என்று அமைத்திருப்போம். திரையில் பலர் ‘இருந்தால் காட்டு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். 2013-ல் பொதுவுக்கு வந்த ‘ரியாக்ட்’டில் இப்படி எழுதும்போது, எண்ணிக்கையையே நிபந்தனையாக வைத்து அது பூஜ்யமானால், திரையில் தனியாக ஒரு ‘0’ வந்து நிற்குமாம். ‘சாலிட்’ என்ற சாதனத்தில் ‘ஷோ’ என்ற காம்போனென்ட் கூடவே வருகிறது. நிபந்தனை பொய்யானால் எதைக் காட்டுவது என்பதற்கு ‘ஃபால்பேக்’ என்று அதில் ஓர் இடம் உண்டு. என் அபிப்பிராயம், நம் பிள்ளைகள் சொந்தமாகச் செய்யும் காம்போனென்டில் அந்த இடத்தைக் காலியாக விட அனுமதிக்கவே கூடாது.

மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. “சின்ன விஷயத்துக்கெல்லாம் காம்போனென்ட் போட்டா படிக்கிறவங்களுக்குத்தான் கஷ்டம் மாமா. அதோட ரியாக்ட்ல நாமே ஒரு ‘இஃப்’ செஞ்சா, நிபந்தனை பொய்யானாலும் உள்ளே எழுதினது முன்னாடியே கணக்காயிடும். இல்லாத ஆளோட பெயரைக் கேட்டு அங்கேயே விழுந்துடும்” என்றாள். நியாயம்தான். சைடிங்கில் கையால் திருப்பும் பாயிண்டுக்கு ரிலே ரூம் கட்டமாட்டோம். ஆனால் ஒற்றைப் பெயர், மூத்த குடிமகன், விதவை என்று ஒரு மனிதரின் நிலையைப் பொறுத்த நிபந்தனைகள் சைடிங் அல்ல, மெயின் லைன். அவற்றுக்குப் பெயர் வைத்துத் தனிக் காம்போனென்ட் செய்வதுதான் முறை என்றேன். அதற்கு அவளும் சம்மதித்தாள். கூடவே, “திரையில மறைச்சா பூட்டினதா ஆகாது. சர்வர்லயும் சோதிக்கணும்” என்று சேர்த்துச் சொன்னாள். பேனலில் பட்டனை யார் அழுத்தினாலும் உள்ளே இருக்கும் இன்டர்லாக்கிங் ஒத்துக்கொண்டால்தான் பாயிண்ட் திரும்பும். அதே கதைதான்.

2023 ஜூன் 2-ம் தேதி ஒடிஸாவின் பஹாநகா பஜார் ஸ்டேஷனில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை காட்டியது. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. 290-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சிக்னல் சர்க்யூட்டை மாற்றியமைத்தபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று விசாரணை சொன்னது. ஒரு படிவத்தை அந்தத் துயரத்தோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் தவறின் ஜாதி ஒன்று: காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

நம் வீடுகளில் இந்தத் தொழிலுக்குப் போகாத பிள்ளை குறைவு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தை வெளியிடும் முன் மூன்று பெயர்களைப் போட்டுக் கடைசிப் பட்டன் வரை போய்ப் பாருங்கள்: சர்நேம் உள்ள பெயர், இனிஷியல் உள்ள பெயர், என் அக்காவைப் போல ஒற்றைப் பெயர். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவும் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது என்று காரியதரிசி சொன்னார். மூன்றாவது பெயரைப் போட்டுப் பார்க்க அக்காவையே அழைத்து வருகிறேன். அவள் பெயரில் ஒரு குறையும் இல்லை என்று அந்தத் திரை அவளுக்குச் சொல்லட்டும்.