குடிசைப் பகுதிகளும் கூட்டு முயற்சியும்

குடிசைப் பகுதிகளைச் சீரமைப்பது பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இரு வேறு குரல்களைக் கேட்கிறோம். "எல்லாவற்றையும் அரசே செய்து தரவேண்டும்" என்பது ஒரு குரல். "அங்கே வாழ்கின்றவர்கள் தாமாக முன்வந்தாலன்றி எதுவும் மாறாது" என்பது மற்றொரு குரல். முன்னது மக்களைக் கையேந்தி நிற்போராக்குகிறது. பின்னது அரசைக் கைகழுவி ஒதுங்க விடுகிறது. இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பணியைப் பங்கிட்டு, எது யார் பங்கு என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொண்டு, இரு தரப்பாரும் தத்தம் பங்கைத் தவறாது நிறைவேற்றுவதே அவ்வழி. கூட்டு முயற்சி என்னும் சொல்லுக்கு இதுவன்றி வேறு பொருளில்லை என்பது என் கருத்து.

நம் மாநிலத்தில் 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. குடிசைகள் இருந்த இடங்களிலேயே அடுக்குமாடி வீடுகள் பல எழுந்தன. ஏழையும் ஒழுகாத கூரையின் கீழ் உறங்க வேண்டும் என்ற அந்த எண்ணம் போற்றுதற்குரியது. ஆயின், 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் சென்னையின் போக்கு வேறாயிற்று. நகரின் நடுவே வாழ்ந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் கொண்டுசெல்லப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கம் போய்ச் சேர்ந்தன. வீடு கிடைத்தது, உண்மைதான். ஆனால் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைத்த பெண்ணுக்கு அந்த நான்கு வீடுகளும் எட்டாத் தொலைவாயின. பிள்ளைகளின் பள்ளி மாறிற்று. கடன் கொடுத்துதவும் மளிகைக் கடைக்காரரும், காய்ச்சல் வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டாரும் இல்லாமற் போயினர். இவற்றையெல்லாம் அம்மக்களை முன்னரே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 2021இல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. வாழ்விடம் என்பது நல்ல சொல். வீட்டைக் கட்டிக் கொடுக்கலாம். வாழ்விடத்தை வாழ்பவர்களின்றி உருவாக்க இயலாது.

மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்டை நாட்டிலே ஒரு சான்று உண்டு. கராச்சி நகரின் ஓரத்தில் ஓராங்கி என்னும் பெரிய குடியிருப்பு இருக்கிறது. 1971க்குப் பின் வங்க தேசத்திலிருந்து வந்தவர்கள் உட்படப் பற்பல பகுதி மக்கள் குடியேறிய இடம் அது. கழிவுநீர் திறந்த சந்துகளில் ஓடிற்று, பிள்ளைகள் நோயுற்றனர். ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தவரும் கொமில்லாவில் ஊரக வளர்ச்சிப் பணியால் புகழ்பெற்றவருமான அக்தர் ஹமீது கான், 1980இல் அங்கே ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்தினை ஓர் அலகாகக் கொண்டார். அச்சந்தினர் தமக்குள்ளே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு வீடு பணம் திரட்டி, தாமே பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தனர். திட்டத்தார் பணம் கொடுக்கவில்லை. அளவெடுத்தனர், வரைபடம் தந்தனர், கருவிகளை இரவல் கொடுத்தனர், வேலையைக் கற்பித்தனர். ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகையில் ஒரு சிறு பகுதியிலேயே பணி முடிந்தது. காலப்போக்கில் ஏறத்தாழ 1 லட்சம் வீடுகள் இவ்வாறு கழிவுநீர் வசதி பெற்றன.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் பங்கு. பெரிய கால்வாயும் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையமும் அரசின் பங்கு. சந்துக் குழாய் எவ்வளவு செம்மையாக இருப்பினும், அது சென்று சேரப் பெருங்கால்வாய் இல்லையேல் பயன் அரைகுறையே. மக்களின் பங்கு அரசின் பங்கிற்கு மாற்றாகாது.

"ஏழையிடம் பணம் கேட்பது அறமா? வசதி படைத்தோர் வாழும் தெருவில் எவரும் சொந்தச் செலவில் சாக்கடை கட்டவில்லையே!" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. பணத்தை வாங்கிக்கொண்டு உரிமையைத் தராவிட்டால் அது அறமன்று. அகமதாபாத் மாநகராட்சி 1995இல் தொடங்கிய பரிவர்தன் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரூபாய் செலுத்திற்று. அதற்கு ஈடாக, பத்தாண்டுகளுக்கு அவ்விடத்திலிருந்து அகற்ற மாட்டோம் என்று மாநகராட்சி உறுதி தந்தது. நாளை புல்டோசர் வருமோ என்று அஞ்சுபவன் இன்று செங்கல் வாங்கமாட்டான். ஆகவே, கூட்டு முயற்சியில் அரசு முதலில் வைக்க வேண்டிய பங்கு காலூன்றி நிற்கும் உறுதியே. குழாயும் விளக்கும் அதற்கு அடுத்தபடியே.

இதில் மாணவராகிய நமக்கும் பங்குண்டு. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. ஏழு நாள் முகாமில் தெருவைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம், நிறைவு விழாவில் கைதட்டுகிறோம். எட்டாம் நாள் குப்பை மீண்டும் சேர்கிறது. துடைப்பம் பிடிக்க அப்பகுதி மக்களுக்கு நாம் தேவையில்லை. அவர்களிடம் இல்லாதது, அதிகாரியின் மேசைமேல் வைத்துப் பேசத்தக்க கணக்கும் வரைபடமுமே. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க் குடிசைப் பகுதியில் வாழ்ந்த ஜோக்கின் அற்புதம் இதனை நன்குணர்ந்தவர். குடிசை வாழ் மக்களே தம்மைக் கணக்கெடுத்து, அக்கணக்கோடு அரசிடம் பேசும் முறையை அவர் வளர்த்தார். 2000இல் மகசேசே விருது பெற்றார். ஓராங்கியிலும் அவ்வூர் இளைஞர்களே அளவெடுக்கப் பயின்று வரைபடங்கள் தீட்டினர். அப்பணிக்குத் தலைமை தாங்கிய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் 2013இல் சுட்டுக் கொல்லப்பட்டார். யார் நிலம் எது, தண்ணீர் எங்கே போகிறது என்று எழுதி வைப்பது எத்துணை வலிமையுள்ள செயல் என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

எனவே நான் கேட்பது இதுதான். அடுத்த முகாமுக்கு நம் கல்லூரி ஒரே ஒரு குடிசைப் பகுதியைத் தேர்ந்தெடுக்கட்டும். ஏழு நாளோடு விடாமல் மூன்றாண்டு தொடரட்டும். புவியியல் மாணவர் அவ்வூர் இளைஞரோடு சேர்ந்து தெருவை வரையட்டும். பொருளியல் மாணவர் வீட்டுச் செலவைக் கணக்கிடட்டும். தமிழ் மாணவர் மனு எழுதத் துணை நிற்கட்டும். என்ன வேண்டும் என்பதை அம்மக்களே முடிவு செய்யட்டும். ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. வடத்தின் ஒரு முனையை அம்மக்கள் நெடுநாளாகப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். மறு முனையைப் பிடிக்க அரசும் நாமும் செல்வோம்.