முகவரி மாற்றம் குற்றமாகுமா?

அடையாளத்தை மறைப்பவன் குற்றம் புரிந்தவனாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அதிகாரத்துக்கு என்றும் வாய்ப்பானது. கணினியின் வலையமைப்பு வன்பொருள் முகவரியை மாற்றுவோர் மீதும் இவ்வெண்ணமே சுமத்தப்படுகின்றது. இஃது ஆராயப்பட வேண்டியது. ஆராயின் நிராகரிக்கப்பட வேண்டியதுமாகும்.

'மேக் முகவரி' எனப்படும் இது 48 இரும இலக்கங்களாலானது. வழமையாக முதல் 24 இலக்கங்கள் உற்பத்தியாளரையும் எஞ்சியவை தனிப்பொறியையும் சுட்டுவன. பிறப்பிலே பொறிக்கப்பட்ட இதனை மாற்றுதல் மோசடியே என வாதிடுவோர் உளர். இவர்கள் நியமத்தை நோக்காதவர்கள். முகவரி உற்பத்தியாளர் வழங்கியதா, பாவனைக்களத்தில் இடப்பட்டதா எனக் காட்டுதற்கென்றே அந்நியமம் ஓர் இலக்கத்தை ஒதுக்கியுள்ளது. மாற்றத்துக்கு இடம் வகுத்தோர் நியமத்தை வகுத்தோரே.

மாற்றத்தின் தேவையும் கற்பனையன்று. 2013 இல் இலண்டன் நகரில் வைக்கப்பட்ட 12 கழிவுத்தொட்டிகள், அவ்வழியே நடந்தோரின் கைத்தொலைபேசிகள் வெளிப்படுத்திய முகவரிகளை அவர்கள் அறியாமலே திரட்டின. நகராட்சி தலையிட்ட பின்னரே அது நின்றது. 2014 இல் அப்பிள் நிறுவனம், வலையமைப்பைத் தேடும்போது பொய்முகவரி காட்டும் முறையைத் தன் தொலைபேசிகளிற் புகுத்தியது. 2019 இல் அண்ட்ரொய்ட் 10, வலையமைப்புடன் இணையும்போதும் மாற்றுமுகவரி பூணுதலை இயல்பான வழக்கமாக்கிற்று. நிறுவனங்கள் செய்தபோது இது 'பாதுகாப்பு' எனப் போற்றப்பட்டது.

தனிமனிதன் செய்தபோது நேர்ந்தது யாது? 2010 இல் ஆரன் சுவாற்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் வலையமைப்பினூடாக ஜேஸ்டோர் களஞ்சியத்தின் ஆய்வுக் கட்டுரைகளைப் பெருந்தொகையாகப் பதிவிறக்கினார். அவரது மடிக்கணினி தடுக்கப்பட்டபோது முகவரியின் இறுதிக் குறியொன்றை மாற்றினார் என 2011 ஆம் ஆண்டுக் குற்றப்பத்திரம் கூறிற்று. நான்காயிருந்த குற்றச்சாட்டுகள் 2012 இல் 13 ஆகப் பெருகின. வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, 2013 சனவரியில், தமது 26 ஆம் வயதில் அவர் உயிர் மாய்த்துக்கொண்டார்.

அவர் தடையை மீறுதற்காகவே மாற்றினார். தொலைபேசியோ தன் உடைமையாளரைக் காத்தற்காக மாற்றுகின்றது எனக் கூறலாம். உண்மையே. ஆயின், வேறுபாடு நோக்கத்திலேயே உளதென்பதை அக்கூற்றே ஒப்புக்கொள்கின்றது. அவ்வாறெனின், விசாரிக்கப்பட வேண்டியவை அத்தடையின் நியாயமும் மீறியவரின் நோக்கமுமேயன்றி, முகவரி மாற்றமன்று. பொதுப்பணத்தில் விளைந்த ஆய்வறிவும் கட்டணத்துக்குள் அடைபடலாமா என்பதே அங்கு எழுந்த வினா. அவ்வினாவுக்கு விடை கூறுதல் கடினம்; முகமூடியைச் சுட்டிக்காட்டுதல் எளிது.

புனைபெயரில் எழுதுவோரையும் இரகசியமாக வாக்களிப்போரையும் எவரும் கள்வரென்பதில்லை. கணினியின் முன் அமர்ந்ததும் மட்டும் அவ்வுரிமை அற்றுப்போதல் எங்ஙனம்? செயலை நோக்கத்தினின்று பிரித்துக் கருவியின் மேற் குற்றஞ் சுமத்துதல் நீதியுமன்று, அறிவுமன்று. பல்கலைக்கழகங்களேனும் இதனை உணர்தல் வேண்டும்.